நாற்பத்தேழாம் எண் நாயின் தரச் சான்று

ஓசூர்ப் பக்கம் ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று கண்ணால் பார்த்து யாரும் சொல்வதில்லை. அதற்கென்று தாள் இருக்கிறது. தாளில் நல்லது என்று வந்துவிட்டால் நல்லதுதான். கையில் எடுக்கும்போது இரண்டாக உடைந்தாலும் நல்லதுதான். போல்ட்டையும் பிரேக்கையும் இப்படியே பார்த்துப் பழகிய சில கம்பெனிகள், லாபத்தில் கொஞ்சத்தை நல்ல காரியத்துக்குச் செலவிட வேண்டும் என்று சட்டம் சொல்லிவிட்டபடியால், ஊருக்கு வெளியே தெருநாய்களுக்கு ஒரு காப்பகம் கட்டின. காப்பகம் என்ற பெயர் ஏழைத்தனமாகப் பட்டதால் 'உயிர்நேயத் தர மையம்' என்று வைத்துக்கொண்டார்கள். 'ஆடாத வால் இல்லை' என்ற கொள்கை வாசகம் வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது.

அந்த மையத்தின் நாற்பத்தேழாம் எண் நாயைப் பிடித்துக் கொடுத்தவர் கோவிந்தப்பன். ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்தக் கூலியாக லாரிக்குப் பெட்டி ஏற்றுகிறவர். வீடு அஞ்செட்டிப் பாதையில் உள்ளே தள்ளி, பஸ் எப்போதோ ஒருமுறை எட்டிப்பார்க்கும் ஊரில். அங்கே அவர் மனைவி கெம்பம்மா பட்டுப்பூச்சி வளர்க்கிறார். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று.

நாய் கம்பெனியின் லோடிங் மேடைக்கு அடியில் இருந்தது. பழுப்பு நிறப் பெட்டை, ஒரு காது பாதி இல்லை. பூட்ஸுக்குப் பயம், துடைப்பத்துக்குப் பயம், விசிலுக்குப் பயம், யாராவது வாய்விட்டுச் சிரித்தால் பயம். சோறு வைத்துவிட்டு எதிரே நின்றால் பட்டினி கிடக்குமே தவிர வராது. கோவிந்தப்பன் ஒருநாள் அலுத்துப்போய் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தன் டிபன் பாக்ஸைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் பின்னால் நக்கிச் சாப்பிடும் சத்தம் கேட்டது. அன்றிலிருந்து மூன்று மாதம் இருவரும் அப்படித்தான் சாப்பிட்டார்கள். அவர் அதற்குச் சின்னி என்று பெயர் வைத்தார். ஆனால் சத்தமாகக் கூப்பிட்டதில்லை.

பிறகு வெளிநாட்டு வாடிக்கையாளர் கம்பெனியைப் பார்வையிட வந்தார். வாடிக்கையாளர் கண்ணில் நாய் படக்கூடாது என்று அலுவலகம் சொன்னது. நல்ல இடம், டாக்டர் இருக்கிறார், ஃபேன் இருக்கிறது என்றும் சொன்னது. வேறு யாரிடமும் வராது என்பதால் கோவிந்தப்பனையே பிடிக்கச் சொன்னார்கள். அவர் வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நாய் வழக்கம்போல வந்தது. கையைப் பின்னால் விட்டுப் பிடித்துச் சாக்கில் போட்டார். அது கடிக்கக்கூட இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

வார விடுமுறையில் மையத்துக்குப் போனார். தரையெல்லாம் மஞ்சள் கோடு. நாய் நடக்க ஒரு கோடு, மனிதர் நடக்க ஒரு கோடு, துடைப்பம் சாத்தி வைக்க ஒரு சதுரம். சின்னியின் கூண்டு ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. எண் வரிசைப்படி நாற்பத்தேழு அங்கேதான் வருமாம். கூண்டில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. உள்ளே மூலையில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நாய் நடுங்கியது.

கூண்டு கழுவும் மாதேஸ்வரி பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். "நாலு நாளா ஒரு வாய் திங்கலீங்க அண்ணா. தண்ணி மட்டும் நான் அந்தாண்ட போனப்புறம் குடிக்குது. இப்புடியே வுட்டா செத்துப்பூடுங்க."

"நானே கூட்டிக்கினு போயிடறனே."

"அதுக்கு மேனேஜரைக் கேக்கணும்ங்க. அவரு குடுப்பாரு. ஆனா நாயைக் குடுக்க மாட்டாரு, ஃபாரத்தைக் குடுப்பாரு."

மேலாளர் பிரேம்குமார் முப்பது வருடம் பிரேக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்த்து ஓய்வு பெற்றவர். நாய் வளர்த்ததில்லை, வளர்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று நம்பினார். கோவிந்தப்பனை அன்போடு உட்கார வைத்து நாற்பத்திரண்டு பக்க விண்ணப்பத்தைக் கொடுத்தார்.

"பாருங்க கோவிந்தப்பன், சிவப்பு அட்டை நாயை வெளியே அனுப்ப முடியாது. குறை உள்ள பொருளை நாங்க கஸ்டமருக்கு அனுப்பறதில்லை. வால் ஆடணும். அஞ்சு புது ஆளுங்க தொட்டா ஏத்துக்கணும். அப்பதான் பச்சை."

"அது ஆளுங்களைப் பாத்தாதான் பயந்துக்குதுங்க சார். அதைத் தனியா வுட்டா போதும்."

"தனியா விட்டா எப்படி டெஸ்ட் பண்றது?" என்றார் பிரேம்குமார். அடுத்த விடுமுறைக்குள் கோவிந்தப்பன் நாற்பத்திரண்டு பக்கத்தையும் நிரப்பிக் கொடுத்தார்.

சிவப்பு அட்டை நாய்களைப் பச்சையாக்க மையத்தில் ஒரு திட்டம் இருந்தது. பெயர் 'மகிழ்ச்சி நேரம்'. சனிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு கம்பெனியிலிருந்து முப்பது தன்னார்வலர்கள் ஒரே நிற பனியன் போட்டு வருவார்கள். அவர்களுக்கு முதலில் பாதுகாப்பு பூட்ஸ் கொடுக்கப்படும். பிறகு உறுதிமொழி. பிறகு நாய்களின் மன அழுத்தம் தீரப் பறை, டிரம், கைதட்டல். கடைசியில் வரிசையாக வந்து ஆளுக்கு இருபது விநாடி நாயைத் தடவிக் கொடுப்பார்கள். ஒருவர் கடிகாரம் பார்ப்பார். முதல் சனிக்கிழமை முடிந்ததும் சின்னி இருந்த இடத்திலேயே சிறுநீர் கழித்தது. இரண்டாவது சனிக்கிழமை தன் முன்னங்காலைத் தானே கடித்துப் புண்ணாக்கிக் கொண்டது. முன்னேற்றம் போதவில்லை என்று மகிழ்ச்சி நேரத்தை வாரம் இரண்டு நாளாக உயர்த்தினார்கள்.

கோவிந்தப்பன் விடுமுறை தவறாமல் போய்க் கூண்டுக்கு வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மாதேஸ்வரி மற்றவர்கள் வராமல் பார்த்துக்கொள்வாள். அந்த அரை மணி நேரத்தில்தான் நாய் ஏதோ கொஞ்சம் தின்றது. அந்த அரை மணி நேரத்தை வைத்துத்தான் அது உயிரை ஓட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் ஆபத்து வந்தது. மனிதர் நடக்கும் கோட்டில் உட்கார அனுமதி இல்லை என்று பலகை வைத்துவிட்டார்கள்.

மாதக் கடைசியில் 'ஏன்-ஏன் ஆய்வு' நடந்தது. தொழிற்சாலையில் ஒரு குறை வந்தால் ஐந்து முறை ஏன் என்று கேட்டால் மூல காரணம் கிடைத்துவிடும் என்பது அந்த ஊரில் பாலர் பாடம். நீளமான மேசை, ஏசி, பிஸ்கட். விண்ணப்பதாரர் என்ற முறையில் 'வாடிக்கையாளர் குரல்' என்று எழுதிய அட்டையின் பின்னால் கோவிந்தப்பனை உட்கார வைத்தார்கள். பிரேம்குமார் வெள்ளைப் பலகையில் எழுதினார்.

நாய் ஏன் வாலை ஆட்டவில்லை? பயப்படுகிறது. ஏன் பயப்படுகிறது? நிறைய ஆட்கள் வந்து தொடுகிறார்கள். ஏன் வந்து தொடுகிறார்கள்? மகிழ்ச்சி நேரம். மகிழ்ச்சி நேரம் ஏன்? நாய் வாலை ஆட்டவில்லை. நாய் ஏன் வாலை ஆட்டவில்லை?

ஐந்து ஆகிவிட்டது. பிரேம்குமார் கொஞ்சம் விலகி நின்று பலகையைப் பார்த்தார்.

"முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் ஒண்ணா வந்திருக்கு" என்றார். "என் முப்பது வருஷ சர்வீஸ்ல இவ்வளவு கச்சிதமா ஒரு அனாலிசிஸ் அமைஞ்சதில்லை. முழு வட்டம். நன்றி."

எல்லோரும் கைதட்டினார்கள். கோவிந்தப்பன் எழுந்து நின்றார். எழுந்து பேசி அவருக்குப் பழக்கமில்லை.

"சார், ஒண்ணு சொல்லிக்கிறனுங்க. அது மொகத்தைப் பாத்தா பயந்துக்கும். முதுகைக் காட்டிக்கினு சும்மா குந்தியிருந்தா, தானா வரும். வேற ஒண்ணும் வேணாங்க."

நடவடிக்கைக் குறிப்பில் அது இப்படிப் பதிவானது: 'விண்ணப்பதாரர் நாய்க்கு முதுகைக் காட்டுவதாக ஒப்புக்கொண்டார். ஆர்வம் குறைவு.'

அடுத்தது வீட்டுத் தணிக்கை. நாயின் வருங்கால இல்லம் தகுதியானதா என்று ஐந்து பேர் கொண்ட குழு வேனில் ஹாரன் அடித்துக்கொண்டே மலையேறி வந்தது. அவர்கள் வந்த வாரம் பட்டுப்பூச்சி நாலாவது தோல் உரித்து எழுந்து, ராப்பகல் தழை தின்னும் நேரம். அந்த ஏழெட்டு நாளும் அந்த வீட்டில் யாரும் உரக்கப் பேசமாட்டார்கள். சாம்பிராணி கிடையாது, பீடி கிடையாது, அந்நிய ஆள் கிடையாது. கால் கழுவாமல் வளர்ப்பு மனைக்குள் நுழைந்தால் கெம்பம்மா புருஷனையே விடமாட்டார். சின்னிக்கு இதைவிட நல்ல வீடு இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது என்று கோவிந்தப்பன் நம்பினார். எனக்கும் அதுதான் அபிப்பிராயம். குழுவுக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது.

ஐந்து பேரும் ஐந்து வாசனையோடு இறங்கினார்கள். கெம்பம்மா வளர்ப்பு மனை வாசலில் குறுக்கே நின்றார். அவருக்கு வீட்டில் கன்னடம், வெளியாட்களிடம் தமிழ்.

"உள்ள வரவேணாங்க. செண்ட்டு போட்டுக்கினு இருக்கீங்க. பூச்சிங்க தாங்காது."

"அம்மா, நாங்க ஆடிட் டீம்."

"யாரா இருந்தாலும் காலைக் கழுவிக்கினு வெளியவே நில்லுங்க. மெல்லப் பேசுங்க."

குழுவில் ஒருவர் கையிலிருந்த தாளைப் பார்த்து உரக்கக் கேட்டார். "நாயோட ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் பேசுவீங்க?"

"எதுக்குப் பேசணும்?" என்றார் கெம்பம்மா. "அதும்பாட்டுக்கு அது இருக்கும், எங்கபாட்டுக்கு நாங்க இருப்போம். எங்க ஊட்டுக்காரர்கிட்டயே நான் அவ்வளவு பேசறதில்ல."

மதிப்பெண் நூற்றுக்கு முப்பத்தொன்று. குறைகள்: குடியிருப்போர் ஒத்துழையாமை. பேச்சுவார்த்தை இல்லாமை. வரவேற்புச் சூழல் இல்லாமை. விருந்தினர் வருகை மிகக் குறைவு. அந்தப் பகுதி அளவுக்கு மீறி அமைதியாக இருத்தல்.

இதற்கிடையில் ஒரு பெரிய கம்பெனியின் பொது மேலாளர் மாதவன் விண்ணப்பித்திருந்தார். ஓசூரில் கேட் போட்ட குடியிருப்பில் மாடி வீடு. மூன்று பிள்ளைகள், ஏற்கெனவே இரண்டு நாய், வாராவாரம் விருந்து, வீடு முழுக்க ஸ்பீக்கர். மதிப்பெண் தொண்ணூற்றெட்டு. இரண்டு மதிப்பெண் ஏன் குறைந்தது என்று அவர் வருத்தப்பட்டதாகக் கேள்வி.

இனி நாய் பச்சையாக வேண்டியதுதான் பாக்கி. ஐந்து ஆள் தொட்டபோது கடிக்காததால் ஏற்றுக்கொண்டதாக எழுதியாகிவிட்டது, வால்தான் ஆடவில்லை. மார்ச் முடியப் போகிறது. மார்ச் முடிவதற்குள் சிவப்பு அட்டை பூஜ்யம் ஆனால் மையத்துக்கு மாநில அளவில் ஒரு கேடயம் நிச்சயம். சின்னியின் வால் இரண்டு காலுக்கு நடுவே போய் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. பிரேம்குமார் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், மோட்டார் அதிர்வு அளக்கிற மீட்டர் ஒன்றைப் பழைய கம்பெனியிலிருந்து வரவழைத்தார்.

மாதேஸ்வரி நாயைப் பிடித்துக்கொண்டாள். மீட்டரை வாலின் அடியில் வைத்துக் கட்டினார்கள். நாய் உச்சி முதல் கால்வரை உதறியது. பிரேம்குமார் முள்ளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நிமிஷத்துக்கு எழுநூத்து இருபது" என்றார். "தேவை வெறும் மூணு. இந்த மையம் ஆரம்பிச்ச நாள்லேருந்து இவ்வளவு வேகமா எந்த வாலும் ஆடினதில்லை."

"சார், அது வால் ஆட்டலீங்க. பயத்துல நடுங்குது" என்றாள் மாதேஸ்வரி.

"வால் உடம்புல ஒரு பகுதிதானே? உடம்பு ஆடினா வாலும் ஆடுது. எதனால ஆடுதுன்னு கேக்க ஃபாரத்துல இடம் இல்லைம்மா. நாம உணர்ச்சிவசப்படக் கூடாது."

சிவப்பு அட்டையைக் கழற்றிவிட்டுப் பச்சை அட்டையை மாட்டினார்கள். அதன் பின்பக்கம் 'மிகச் சிறப்பு' என்று முத்திரை.

ஒப்படைப்பு விழா மார்ச் மாத இறுதியில் காலை பத்து மணிக்கு. கோவிந்தப்பன் சம்பளம் போனாலும் போகட்டும் என்று வந்து கடைசி வரிசையில் நின்றார். ஷாமியானா, செண்டை மேளம், நாய்க்கு ஒரு சாமந்தி மாலை. மாதவன் குடும்பத்தார் நாயைச் சூழ்ந்து நின்றார்கள், புகைப்படம் எடுக்கப்பட்டது. பிரேம்குமார் பேசினார்.

"ஒரு நாய்க்கு என்ன வேணும்னு பல பேர் கேக்கறாங்க. நாங்க அப்படிக் கேட்டு நேரத்தை வீணாக்கறதில்லை. சிஸ்டத்துக்கு என்ன வேணும்னு கேக்கறோம். சிஸ்டம் சந்தோஷமா இருந்தா நாய் சந்தோஷமா இருந்துதான் ஆகணும். ஆகலைன்னா அந்த நாய்கிட்டதான் ஏதோ கோளாறு."

கைதட்டல் ஓய்வதற்குள் யாரோ பத்தாயிரம் வாலா சரத்தைப் பற்ற வைத்தார்கள். கயிறு மாதேஸ்வரியின் கையில் இருக்க, நாய் கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டது. மாலையோடு நாற்காலிகளுக்கு அடியில் பாய்ந்து, வாசலைத் தாண்டி, கிருஷ்ணகிரி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஓடியது. கோவிந்தப்பன் பின்னால் ஓடினார். அவர் ரோட்டை அடைந்தபோது நடுவில் சாமந்தி மாலை மட்டும் கிடந்தது. அதன்மேல் ஒரு கண்டெய்னர் ஏறிப் போனது.

அவர் ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்து நாலு வயது ஆள், போகிற வருகிறவர்கள் பார்க்க அழுதார்.

மையத்தில் யாரும் பதறவில்லை. புகைப்படம் எடுத்த நிமிடத்தோடு ஒப்படைப்பு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நாய் எங்கே போனாலும் அது மாதவன் வீட்டுக் கணக்கு. மாதவன் வீட்டிலோ ஏற்கெனவே இரண்டு நாய் இருப்பதால் இடம் நிறைந்துதான் இருந்தது. ஒப்படைப்பு விகிதம் நூறு சதவீதம், சிவப்பு அட்டை பூஜ்யம். ஆனாலும் ஒரு ஏன்-ஏன் ஆய்வு நடத்தி மூல காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: கயிறு பிடித்திருந்த ஒப்பந்தப் பணியாளரின் கவனக்குறைவு. மறுநாள் முதல் மாதேஸ்வரிக்கு வேலை இல்லை.

அவள்தான் கோவிந்தப்பனுக்குப் போன் பண்ணிச் சொன்னாள். "என்னை வுட்டுத் தள்ளுங்க அண்ணா, நான் வேற எங்கனா கூட்டிக் கழுவிப் பொழைச்சுக்குவேன். அது எங்கனா கெடக்கும், தேடுங்க."

ஒன்பது நாள் தேடினார். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் மொபெட்டை நிறுத்தி நிறுத்திப் பாலத்துக்கு அடியிலும் குழாய்க்குள்ளும் பார்த்தார். செத்துக் கிடந்த நாய்களையும் அருகில் போய், காதைப் பார்த்தார். பத்தாம் நாள் மத்தியானம் கம்பெனி லோடிங் மேடையில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது, அடியில் இருட்டுக்குள் ஏதோ நடுங்கும் சத்தம் தகரத்தில் கேட்டது.

அவர் குனிந்து பார்க்கவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். உள்ளே இருந்ததை ஒரு கையால் எடுத்துப் பின்னால் வைத்தார். ஷிப்ட் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. சூப்பர்வைசர் இரண்டு முறை கத்தினார். அவர் எழவில்லை. போன முறை இதே இடத்தில் தன் கை செய்ததை அது மறந்திருக்காது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அது வந்தது. எலும்பும் தோலுமாக வந்தது. சாக்கை அவர் தொடவில்லை. ஒரு காலி அட்டைப் பெட்டியைப் பக்கத்தில் சாய்த்து வைத்துக் காத்திருந்தார். மூன்றரை மணிக்கு அது தானாகவே உள்ளே போய்ச் சுருண்டது.

கேட்டில் காவலர் சுடலைமுத்து நிறுத்தினார். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர், பன்னிரண்டு வருடமாக இந்த கேட்டில் நிற்கிறார்.

"பெட்டியில என்ன அண்ணாச்சி?"

"நாயிங்க."

சுடலைமுத்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். "இத அந்த மையத்துல கொண்டுபோய்க் குடுத்ததுல்லா?"

"குடுத்தேன். திரும்பி வந்துட்டுது. என் ஊட்டுக்குக் கூட்டிக்கினு போறேன். தகுதி இல்லாத ஊடுன்னு தாள்ல எழுதியிருக்காங்க. புடிச்சுக் குடுக்கறதுன்னா குடுத்துடுங்க."

"நான் எதுக்குவே பிடிச்சுக் குடுக்கேன். ஆனா பெட்டி வெளிய போகணும்னா கேட் பாஸ் வேணும். நாய்னு எழுதுனா ஆபீசுல நாலு கையெழுத்து. உசுருள்ள பொருளுக்கு இங்கன ஃபாரமே கெடையாது." அவர் கொஞ்சம் யோசித்தார். "கழிவுன்னா நானே கையெழுத்துப் போடலாம்."

பேனாவை எடுத்து நிதானமாக எழுதினார். பொருள்: கழிவு. எண்ணிக்கை: ஒன்று. மதிப்பு: இல்லை. திரும்பி வர வேண்டியதா: இல்லை.

"இதுல சத்தியமா ஒரு பொய்யும் இல்ல, அண்ணாச்சி. அவங்க கணக்குல இது அதானே. மெதுவாப் போங்க."

நாய் வந்து இரண்டு மாதம் ஆகிறது. தழை கொட்டி வைக்கும் கொட்டகையில் இருக்கிறது. முன்னங்கால் புண் ஆறிவிட்டது. கெம்பம்மா அதனிடம் இதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. தழை எடுத்துப் போகும்போது ஒரு களி உருண்டையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறார். கேட் பாஸைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்கள்.

நேற்றுச் சாயங்காலம் பிரேம்குமார் போன் செய்தார். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பதாரர்களின் கருத்தையும் கேட்டால்தான் அடுத்த வருடச் சான்று கிடைக்குமாம்.

"கேடயம் வாங்கியாச்சு கோவிந்தப்பன். நாற்பத்தேழு மாதவன் சார் வீட்ல ரொம்ப சந்தோஷமா இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. சரி, எங்க சேவைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க? குறைச்சுக் குடுத்தா என்ன குறைன்னு பார்க்க டீம் நேர்ல வரும்."

கோவிந்தப்பன் கொட்டகையைப் பார்த்தார். அடுப்படி வாசலில் கெம்பம்மா வேண்டாம் என்பதுபோல் கையை ஆட்டினார். எதை வேண்டாம் என்கிறார் என்று தெரியவில்லை.

"பத்துங்க சார்" என்றார் கோவிந்தப்பன். "யாரும் வரவேணாங்க."

"முழு திருப்தி" என்று அந்தப் பக்கம் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

போனை வைத்தார். கொட்டகைக்குப் போய் வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, தின்னும் சத்தத்துக்குப் பதிலாக, அவர் முதுகில் ஒரு முதுகு வந்து சாய்ந்தது. இரண்டில் யார் நடுங்குவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. திரும்பிப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். உள்ளே பூச்சிகள் தழை தின்றுகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது.